வன்மையிற் பிறந்த சொற்கள்

ஆங்கிலத்திலே 'டியூரிங்' என்ற சிறு சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். மழையின்போது, பரீட்சையின்போது என்று காலத்தைக் குறிக்க வருவது அது. அதனுள்ளே ஒரு வன்மை உறைந்து கிடக்கிறதென்றால் நம்புவீர்களா?

உரோமர் கடினமானதைத் 'தூருஸ்' என்றனர். 'தூராரே' என்னும் இலத்தீன் வினைக்கு இறுகுதல், நீடித்திருத்தல் ஆகிய இரு பொருளும் உண்டு. இறுகியதே நிலைக்கும் என்பது அவர் எண்ணம் போலும். 'டியூரிங்' என்பதும், நெடுநாள் உழைக்கும் பொருளைச் சொல்லும் 'டியூரபிள்' என்பதும் இவ்வழி வந்தவை.

துன்பத்தைத் தாங்குதலாகிய 'என்டியூர்', இலத்தீனின் 'இந்தூராரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் முதற்பொருள் இறுகச் செய்தல். தமிழிலோ 'பொறை' என்பது சுமையையும் பொறுமையையும் ஒருங்கே சுட்டும். நாம் சுமப்பவனை நினைத்தோம்; அவர் இறுகுபவனை நினைத்தனர்.

ஆனால் இறுகுதல் எல்லை கடந்தால்? எவர் சொல்லுக்கும் இளகாத வன்னெஞ்சனை 'ஒப்டியூரேற்' என்பதும் இவ்வடியாகத்தான். சகிப்பவனும் இரங்காதவனும் ஒரே வேரினர்!

சட்டத்தில் வழங்கும் 'டியூரெஸ்' இன்னும் கூரியது. கடுமை எனப் பொருள்பட்ட 'தூரித்தியா' பிரெஞ்சு வழியே வந்து, சிறைவைத்தலையும், பின்பு அச்சுறுத்தி இணங்கச் செய்தலையும் குறிக்கலாயிற்று. அவ்வாறு வாங்கப்பட்ட கையொப்பமாயின், ஒப்பமிட்டவன் அதனை எண்பித்து ஒப்பந்தத்தைத் தள்ளிவிட ஆங்கிலச் சட்டம் இடமளிக்கிறது.