குழம்பு பட்ட காகிதம் ஏன் வீணாகிறது?

மாணவர்களே, மீந்துபோன குழம்பையும் பழைய நாளிதழையும் ஒரே பையில் போட்டால் என்ன ஆகும்? காகிதம் மரநார்களால் ஆனது. மறுசுழற்சி ஆலையில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார்கள். குழம்பின் எண்ணெய் தண்ணீரில் கரையாது. நார்களில் ஒட்டிக்கொண்டு புதிய தாளைக் கெடுக்கும். ஆகவே, அந்தக் காகிதம் சோற்றோடு குப்பைக் கிடங்குக்கே போகும்.

அங்கே ஆழத்தில் காற்று புகாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் உணவைச் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளியிடும். நூறு ஆண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும்.

கிடங்குக்குப் போகும் குப்பையைக் குறைக்கவே, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1.9.2015 முதல் கோலாலம்பூரில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. பிரிக்பீல்ட்ஸ் வீடுகளுக்கும் இது பொருந்தும். சிலாங்கூர் அப்போது இதில் சேராததால் கிள்ளானுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. ஆனாலும், குழம்பு பட்ட காகிதம் அங்கும் வீண்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் சூ சி பௌத்த அமைப்பின் தொண்டர்கள் மறுசுழற்சிப் பொருள்களைச் சேகரித்துத் தரம் பிரிக்கிறார்கள். நாம் கொடுப்பது சுத்தமாக இருந்தால்தான் அவர்கள் உழைப்புக்குப் பலன்.

இன்றே தொடங்குங்கள்: காகிதத்தை உலர்வாக வையுங்கள், போத்தலைக் கழுவுங்கள். காய்கறித் தோலைக் காய்ந்த இலையோடு கலந்து அடிக்கடி கிளறிவிடுங்கள். காற்றுப் படுவதால் மீத்தேன் குறையும். செடிக்கு உரமும் கிடைக்கும்.