டி.வி. வாங்கப் போகிறீர்களா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து மாதுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலுக்காக நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். கும்பகோணத்தில் தனியாக இருந்த அவருடைய தாயார், வயது எழுபத்தெட்டு, இனி டோம்பிவிலியில் இவரோடுதான் இருக்கப்போகிறார். கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார்கள். அம்மாவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பகல் முழுக்க அவருக்குத் துணை டி.வி.தான். “முப்பதாயிரத்துக்குள் நல்ல செட் ஒன்று சொல்லுங்களேன். அந்த விலைக்கு ஐம்பத்தைந்து அங்குலமே கிடைக்கிறதாமே?” என்றார். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

அங்குலம் என்பது திரையின் அகலம் அல்ல. மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. 43 அங்குல டி.வி. ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 55 அங்குலம் ஏறக்குறைய 122 செ.மீ. அகலம். நம் ஊர் ஒன் ரூம் கிச்சன் வீடுகளில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஆறடி இருந்தாலே அதிகம். திரையின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்குச் சௌகரியம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 43 அங்குலத்துக்கு ஆறடிக்குச் சற்றுக் குறைவாகவும், 55 அங்குலத்துக்கு ஏழடிக்கு மேலும் வேண்டும். ஆகவே கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து வீட்டை அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் எல்லா டி.வி.யும் சின்னதாகத்தான் தெரியும்.

ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் பார்க்கப்போவது என்ன? தமிழ்ச் சேனல்களில் தொடர்களும் பழைய படங்களும், காலையில் கோயில் நிகழ்ச்சிகளும். இவற்றில் பெரும்பகுதி டிஷ் அல்லது கேபிள் வழியாகச் சாதாரணத் தரத்தில், அதாவது எஸ்.டி.யில், வீட்டுக்கு வருகிறது. எஸ்.டி. படத்தில் குறுக்கே 720 புள்ளிகள், நெடுக்கே 576. மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு! சேனல் அனுப்புவது ஒரு புள்ளி. மீதிப் பத்தொன்பதை டி.வி. தானே ஊகித்து நிரப்ப வேண்டும். விலை அதிகமான செட்டுகள் இந்த ஊகத்தை ஓரளவு நன்றாகச் செய்கின்றன. மலிவு செட்டுகளில் முகங்கள் மெழுகு பூசினாற்போலவும், கீழே ஓடும் எழுத்துகள் கரைந்தாற்போலவும் தெரியும். திரை பெரிதாக ஆக இந்தக் குறையும் பெரிதாகும். ஐம்பத்தைந்து அங்குலம் வாங்கிவிட்டு, “பழைய டி.வி.யே தேவலை” என்று வீட்டில் பேச்சு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கடையில் இது தெரியாது. அங்கே ஓடுவது நீலக் கடலும் கிளிகளுமாக டி.வி.க்கென்றே எடுத்த 4கே படம். “ஒரு சாதாரணச் சேனல் போட்டுக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். விற்பனையாளர் முகம் கொஞ்சம் மாறும். பரவாயில்லை, கேளுங்கள்.

இதற்கு மாற்று மருந்தும் உண்டு, அதிகச் செலவில்லை. செட்டாப் பாக்ஸை ஹெச்.டி.யாக மாற்றிக்கொண்டு, அம்மா அதிகம் பார்க்கும் இரண்டு மூன்று சேனல்களுக்கு மட்டும் ஹெச்.டி. வடிவம் இருந்தால் அதை எடுங்கள். 2019-ல் வந்த டிராய் விதிகளுக்குப் பிறகு சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்; வேண்டாத நூறு சேனலுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று: ஹெச்.டி. பாக்ஸ் இருந்தும் பழைய சிவப்பு-மஞ்சள்-வெள்ளை ஒயரிலேயே இணைத்து வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. அந்த ஒயரில் ஹெச்.டி. வராது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் போட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சமாசாரம்.

ஞாயிறு மத்தியானம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருந்து, பதினான்கு அங்குலக் கறுப்பு-வெள்ளைப் பெட்டி முன்னால் கட்டிடமே கூடியது. அன்று யாரும் புள்ளி எண்ணவில்லை.

நண்பரின் முப்பதாயிரத்துக்கு என் சிபாரிசு, 43 அங்குலம். சர்வீஸ் நிலையம் அருகில் இருக்கும், பெயர் தெரிந்த கம்பெனி. முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் இருபதாயிரம் விலையுள்ள செட்டில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். 32 அங்குலத்துக்கு அன்றும் இன்றும் 18-தான்.

க்யூ.எல்.இ.டி., ஹெச்.டி.ஆர். என்று பெட்டி நிறைய எழுத்துகள் இருக்கும். க்யூ.எல்.இ.டி. என்பதும் பின்னால் விளக்கு வைத்த எல்.சி.டி. திரைதான், நிறம் கொஞ்சம் செழிப்பாக வரும். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறும் ஓ.எல்.இ.டி. வேறு ஜாதி, நம் வரம்புக்குள் வராது. மலிவு செட்டில் ஹெச்.டி.ஆர். பெயருக்குத்தான், அதைக் காட்டும் வெளிச்சம் திரைக்கு இருக்காது. பார்க்க வேண்டியது வேறு. வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். திரையில் இதற்கு நேர்மாறு. அம்மா கட்டிலில் சாய்ந்து ஓரத்திலிருந்து பார்ப்பவரானால் ஐ.பி.எஸ். நல்லது. எது என்று கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நீங்களே பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள்.

அடுத்தது காது. டி.வி. மெல்லிதாக ஆனதும் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டது. வயதானவர்களுக்கு இசை கேட்கிறது, வசனம் கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் ஒரு சிறிய சவுண்ட்பார் இதைப் பெருமளவு சரிசெய்யும். டி.வி.யில் ஏ.ஆர்.சி. என்று குறித்த ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா, மொத்தம் மூன்று துளைகளாவது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிமோட்தான் உண்மையான பரீட்சை. ஸ்மார்ட் டி.வி.யைப் போட்டதும் முதலில் வருவது சினிமாப் படங்களும் விளம்பரமுமான ஒரு பக்கம். அங்கிருந்து பாக்ஸுக்குப் போக நாலு பட்டன். எழுபத்தெட்டு வயதில், மத்தியானம் இரண்டு மணிக்கு, கேட்க ஆளில்லாத வீட்டில் அது பெரிய காடு. பல செட்டுகளில், போட்டவுடன் கடைசியாகப் பார்த்த இணைப்புக்கே நேராகப் போகும்படி செட்டிங்ஸில் மாற்றலாம். சி.இ.சி. வசதியை இயக்கிவிட்டால், பாக்ஸும் அதை ஏற்கும் ரகமானால், டி.வி. ரிமோட்டே பாக்ஸுக்கும் வேலை செய்யும். வாங்குமுன் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ‘ஸ்மார்ட்’டுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். நாலைந்து வருஷத்தில் அந்தப் பகுதி மந்தமாகிவிடும். திரை அப்போதும் நன்றாகவே இருக்கும். ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும்.

மும்பைக்கென்று இரண்டு விஷயங்கள். கனமழையில் டிஷ் சிக்னல் போய்விடும். அந்த அலைவரிசையின் சுபாவம் அது. ஜூலை மாதத்துக்கு வீட்டு இன்டர்நெட் வழியாகவும் தமிழ் நிகழ்ச்சி வர ஏற்பாடு இருக்கட்டும். அதைத் திறக்க அம்மாவுக்கு முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். இரண்டாவது, ஓதம் இறங்கும் வெளிச்சுவரில் டி.வி.யை மாட்டாதீர்கள். உள்சுவர் இல்லையென்றால் மேஜைமேல் வையுங்கள்.

பேர் தெரியாத கம்பெனியின் செட் ஒன்றை விலைக்கு ஆசைப்பட்டு நானே ஒருமுறை வாங்கினேன். பதினான்காம் மாதம் திரையில் நெடுக ஒரு கோடு. வாரண்டி பன்னிரண்டு மாதம். பேனல் மாற்றக் கேட்ட தொகையில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும். பேனலுக்கு இரண்டாம் வருஷ வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு. பில்லில் எழுதி வாங்குங்கள். டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து, போட்டுப் பார்த்து, திரையில் விரிசல் இல்லையென்று தெரிந்தபின் கையெழுத்துப் போடுங்கள். உடைந்த திரைக்கு எந்த வாரண்டியும் கிடையாது.