ஒரு வாய்பாடும் இருநூறு வரிகளும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி கணக்கே என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். அக்கணக்கு இன்று பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு மாறி வருகின்றது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒப்புதல் அளித்தது. ஆதலின், விரிதாளில் ஒரு கணக்கைப் பல வரிகளுக்கு ஒருசேரச் செய்யும் முறையையும், அதில் பிழை நுழையும் வழியையும், எழுத்தர் மட்டுமின்றி அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

ஓர் எண் மாறினால் அதனைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்தெழுதும் தொல்லையைப் போக்கவே விரிதாள் தோன்றிற்று. அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் 1979ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த ‘விசிகால்க்’ இதற்கு வழிகாட்டியாயிற்று.

நமக்குப் பழக்கமான நெல்லையே எடுத்துக்கொள்வோம். 2025-26 கொள்முதல் பருவத்திற்குத் தமிழக அரசு, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டால் ஒன்றுக்குச் சன்ன ரகத்திற்கு ரூ. 2,545, பொது ரகத்திற்கு ரூ. 2,500 என அறிவித்தது. 40 கிலோ சிப்பத்திற்கு இவை முறையே ரூ. 1,018, ரூ. 1,000 ஆகின்றன.

சன்ன ரகம் விற்ற இருநூறு அங்கத்தினரின் பட்டியல் உள்ளதாகக் கொள்க. ‘ஏ’ பத்தியில் பெயர். ‘பி’ பத்தியில் சிப்பம். ‘சி’ பத்தியில் தொகை. பெயர்கள் இரண்டாம் வரியில் தொடங்கி 201ஆம் வரியில் முடிகின்றன. ‘இ1’ கட்டத்தில் 1,018, ‘இ2’ கட்டத்தில் 1,000 என விலைகள் உள்ளன. ‘சி2’ கட்டத்தில் =பி2*இ1 என எழுதி, அங்கிருந்து ‘சி201’ வரை தேர்ந்து, கண்ட்ரோல் விசையுடன் ‘டி’ விசையை அழுத்தினால் கணக்கு முழுவதும் நொடியில் நிரம்பும்.

ஆனால் அது பிழையான கணக்கு! வாய்பாடு ஒரு வரி இறங்கும்பொழுது அதனுள் உள்ள கட்டப் பெயர்களும் ஒரு வரி இறங்குகின்றன. இரண்டாம் அங்கத்தினருக்கு =பி3*இ2 என்றாகிப் பொது ரக விலை விழும். மூன்றாமவர் முதல் பூஜ்யம் விழும். பூஜ்யத்தை எவரும் கண்டுகொள்வர். எழுத்தர் அவ்வரியிலிருந்து மட்டும் திருத்தினாலோ, இரண்டாமவரின் குறை மறைந்தே நிற்கும். அவர் 50 சிப்பம் அளித்திருப்பின் ரூ. 50,900க்குப் பதில் ரூ. 50,000 பெறுவார். அந்த முழு எண் யார் கண்ணையும் உறுத்தாது, ரூ. 900 நஷ்டம் உழவருடையது.

இதற்குப் பரிகாரம் எளிது. =பி2*$இ$1 என டாலர் குறியிட்டால் விலைக் கட்டம் நகராது நிற்கும்; சிப்பக் கட்டம் மட்டும் வரிதோறும் இறங்கும்.

நெசவாளர் கூலிப் பட்டியலிலோ நிலைமை வேறு. புடவையின் ரகத்திற்கேற்பக் கூலி ஆளுக்கு ஆள் மாறுமாதலின், அந்தந்த வரியிலேயே கூலி விகிதம் எழுதப்படும். அங்கே டாலர் குறியிட்டால் முதல் நெசவாளரின் விகிதமே எல்லோருக்கும் விழுந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான எண்ணை நிறுத்துக. ஆளுக்கு ஆள் மாறும் எண்ணை நகர விடுக.

பட்டுவாடாவிற்கு முன் ஒரு சோதனை அவசியம். மொத்தச் சிப்பத்தை 1,018ஆல் பெருக்கினால் வரும் தொகையும் ‘சி’ பத்தியின் கூட்டுத்தொகையும் ஒன்றாதல் வேண்டும். கூலிப் பட்டியலாயின் ரகவாரியாக இவ்வாறு சரிபார்க்கலாம். கையால் எழுதிய பிழை ஒருவரைத் தாக்கும். நிரப்பிய பிழை இருநூறு பேரையும் தாக்கக்கூடும். எனவே, அடுத்த பட்டியல் வரும்பொழுது இவ்விரு தொகைகளையும் காட்டுமாறு அங்கத்தினர் கேட்பாராக. அது அவநம்பிக்கையாகாது, சங்கத்திற்குச் செய்யும் தொண்டேயாகும்.