கவுன்ட்டரில் முடிவாகும் குரூப்: பிளஸ் ஒன் சேர்க்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடி சந்திப்பில் பிளக்ஸ்கள் முளைத்துவிடும். போட்டோ, மதிப்பெண், 'பிளஸ் ஒன் அட்மிஷன் நடைபெறுகிறது'. காட்டுப்பாக்கத்திலிருந்து கரையான்சாவடி வரை எந்தப் பள்ளி வாசலிலும் மார்க் ஷீட் நகலோடு பெற்றோர் நிற்பார்கள். உள்ளே நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

"மேடம், பையன் கணக்கு நல்லா போடுவான். கம்ப்யூட்டர் மேத்ஸ் கேக்குறான்."

"பாருங்கம்மா, அதுக்கு 400-க்கு மேல வேணும். காமர்ஸ் தர்றோம். அதுவும் இன்னும் நாலு சீட்டுதான் இருக்கு."

விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு விழும். அடுத்து ஒரு தாள் நீட்டப்படும்: 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் இந்தப் பாடப்பிரிவில் சேர்க்கிறோம்.' கையெழுத்து வாங்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பிள்ளை அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் என்ன படிக்க முடியும், எதை நினைத்தே பார்க்க முடியாது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

எந்தக் குரூப், எந்தக் கதவு

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் வந்தது. அன்றிலிருந்தே 'குரூப்' என்ற சொல் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது. அறிவியல் பக்கம் முக்கியமாக மூன்று சேர்க்கைகள் உண்டு.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். பயோ மேத்ஸ், முதல் குரூப் என்று சொல்வது இதைத்தான். பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழி திறந்திருக்கும். பாடச்சுமை அதிகம்.

கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். இது கம்ப்யூட்டர் மேத்ஸ். பொறியியலுக்கு வழி உண்டு. நர்சிங், கால்நடை மருத்துவம், பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகளுக்கு உயிரியல் தேவை என்பதால் அந்தப் பக்கம் அடைபடும்.

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். பியூர் சயின்ஸ். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு ஏற்றது. கணிதம் இல்லாததால் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200. இதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதி எடை கணிதத்தில் இருக்கிறது. தேசிய பாதுகாப்பு அகாடமியின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகளுக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். சி.ஏ., ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்றவற்றுக்கு எந்தக் குரூப்பும் தடை இல்லை. ஆகவே காமர்ஸ் எடுப்பது தாழ்வு ஆகிவிடாது. பிள்ளை கேட்காத காமர்ஸைத் திணிப்பதுதான் பிரச்சினை.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த முடிவு இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஸ்டாண்டர்ட், பேசிக் என இரண்டு வகை உண்டு. பேசிக் எழுதினால் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுப்பதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. 'ஈஸியா இருக்கும்' என்று பேசிக்கை டிக் செய்யும் முன் அந்த ஆண்டின் விதியைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமை எதுவரை?

உள்ளதைச் சொல்லிவிடலாம். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். கேட்ட குரூப்பைத் தந்தே ஆக வேண்டும் என்று பிளஸ் ஒன்னில் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதற்காகப் பள்ளி வைத்ததே சட்டம் என்றும் ஆகிவிடாது.

முதலாவது, பிளஸ் ஒன் சேர அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 'முதல் குரூப்புக்கு 400' என்பது பள்ளி தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட கோடு. பிளஸ் டூவில் நூறு சதவீத ரிசல்ட் காட்டப் பத்தாம் வகுப்பிலேயே வடிகட்டும் வேலை அது.

இரண்டாவது, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் விண்ணப்பம் அதிகமாகி இடம் குறைவாக இருந்தால், குரூப் ஒதுக்குவதில் இட ஒதுக்கீடு பின்பற்றப்பட வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இதில் விலக்கு உண்டு. மற்ற பள்ளிகளில் தரவரிசைப் பட்டியல் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, மாற்றுத் திறனாளிப் பிள்ளைகள். பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இயங்கும் ஊர் பூந்தமல்லி. அதன் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிகளில்கூட 'லேப் செய்ய முடியாது, சயின்ஸ் வேண்டாம்' என்று சொல்லும் பழக்கம் போகவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பாடத்திட்டத்திலும் தேர்விலும் தேவையான மாற்றங்கள், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றை அரசின் கடமையாக்குகிறது. குறைபாட்டைக் காரணம் காட்டி மறுத்தால் அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, கட்டணம். தனியார் பள்ளிகள் எவ்வளவு வாங்கலாம் என்பதை 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. நன்கொடை வாங்குவதை 1992-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தாகிவிட்டது. முதல் குரூப்புக்கு ஒரு ரேட், காமர்ஸுக்கு ஒரு ரேட் என்று சொன்னால், 'குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு?' என்பதே முதல் கேள்வி.

ஐந்தாவது, டி.சி. பழைய பள்ளியில் பாக்கி இருப்பதால் டி.சி. தர மாட்டோம் என்ற மிரட்டலுக்குப் பயந்து பிடிக்காத குரூப்பிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி ஆகாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் இருக்கின்றன.

மாறினால் நழுவுபவை

அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்து நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் முதல் குரூப்பில் சேர்ப்பது நம் பகுதியில் சாதாரணம். அப்படிச் சேர்க்கும்போது கையை விட்டுப் போகும் சலுகைகளை எந்த பிளக்ஸும் சொல்லாது.

மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்தவர் என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த வாய்ப்பு முடிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் இதே கதிதான்.

கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் அரசுப் பள்ளிப் படிப்பு, அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழிப் படிப்புதான் அடிப்படை.

இன்னொன்று பயிற்று மொழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முதலே தமிழ் வழியில் இருக்க வேண்டும். 'முதல் குரூப் இங்கிலீஷ் மீடியத்தில் மட்டும்தான்' என்ற வார்த்தைக்குத் தலையாட்டினால், பிளஸ் டூவோ பட்டப்படிப்போ தகுதியாக உள்ள வேலைகளில் இந்த முன்னுரிமை போய்விடும்.

மாறவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

கோச்சிங் சேர்ந்த பள்ளிகள்

'ஸ்கூல் ப்ளஸ் நீட், ஜே.இ.இ.' என்று இரண்டையும் ஒரே பொட்டலமாக விற்பது இப்போதைய வழக்கம். இங்கே மூன்று ஆபத்துகள்.

ஒன்று, பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டுவது. அந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிட்டது. பிள்ளைகளின் மனச்சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கும் பள்ளிகளுக்கும் வசதியாகிவிட்டது. நீட், ஜே.இ.இ. தேர்வுகள் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. அஸ்திவாரம் பிளஸ் ஒன்னில்தான்.

இரண்டு, லேப். பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. சேர்க்கும் முன் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பியூரெட்டும் நுண்ணோக்கியும் மேசை மேல் இருக்கின்றனவா, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றனவா? சீனியர் மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே தேதி இருந்தால் மற்றதை ஊகிக்கலாம்.

மூன்று, பணம். கோச்சிங் மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பியது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது, ரேங்க் உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது, முழுப் பணம் கட்டியவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளில் திருப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. பொய் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் மையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. எனவே பள்ளிக் கட்டணத்துக்குத் தனி ரசீது, கோச்சிங்குக்குத் தனி ரசீது வாங்குங்கள். ஒரே ரசீதில் போட்டால் நாளை வழக்குப் போட இடம் குறுகும். ரசீதே தரவில்லை என்றால் பணம் தராதீர்கள்.

மறுத்துவிட்டார்கள்; அடுத்து என்ன?

முதலில் எழுத்தில் கேளுங்கள். 'இந்தப் பாடப்பிரிவு கோரி இன்ன தேதியில் விண்ணப்பித்தோம். மறுப்புக்கான காரணத்தைத் தெரிவிக்கவும்' என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம். நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

பிறகு கல்வித் துறை. நம் பகுதியில் இங்கேதான் குழப்பம். குமணன்சாவடி, பூந்தமல்லி, திருவேற்காடு திருவள்ளூர் மாவட்டம். பக்கத்து மாங்காடும் குன்றத்தூரும் காஞ்சிபுரம் மாவட்டம். போரூர், வளசரவாக்கம் சென்னை. வீடு எங்கே என்பது கணக்கில் இல்லை. பள்ளி எந்த மாவட்டமோ அந்த முதன்மைக் கல்வி அலுவலரிடம்தான் மனு போக வேண்டும். தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் தனியாக இருக்கிறார். கல்வி உதவி எண் 14417. 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்பு எண் 1100. கோச்சிங் புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

அரசுப் பள்ளியில் குரூப் இருந்தும் கணக்குக்கோ இயற்பியலுக்கோ ஆசிரியர் இல்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி காலிப் பணியிட விவரம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

குரூப் மாற்றம் வேண்டுமானால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே கேளுங்கள். தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாரான பிறகு அது பெரும் அலைச்சல்.

எல்லாம் தவறினாலும் வழி முற்றாக அடைபடாது. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்றாண்டு படித்தவர், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணிதக் குரூப் கிடைக்காதவருக்கும் பொறியியல் உண்டு. கம்ப்யூட்டர் மேத்ஸ் எடுத்துவிட்டுப் பிறகு மருத்துவம் நினைப்பவர், அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதி நீட் தேர்வுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. பத்தாவதில் தவறியவர் துணைத்தேர்வில் தேறி அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். பட்டியல் இன, பழங்குடிக் குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பிளஸ் ஒன் முதலே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் குரூப் பேச்சை நிறுத்திவிட்டு 14416-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கான இலவச எண் அது.

கையெழுத்துக்கு முன்

ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இந்தக் குரூப்பின் ஒவ்வொரு பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? லேப் வகுப்பு வாரத்தில் எந்த நாள்? அரசு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு? கோச்சிங் கட்டாயமா, விருப்பமா? கேட்ட குரூப் இல்லை என்றால் காரணத்தை எழுதித் தருவீர்களா?

பதில் திருப்தி இல்லை என்றால், 'நாளைக்கு வர்றோம் மேடம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். 'நாலு சீட்டுதான்' என்ற அவசரம் அவர்களுடையது. வீட்டில் பிள்ளையை உட்கார வைத்து, நீ என்ன படிக்க விரும்புகிறாய் என்று கேளுங்கள். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற தாளில் உங்கள் சொந்த விருப்பம் இல்லாதபோது கையெழுத்துப் போடாதீர்கள்.