ஸ்லேட்டில் எழுதிய நேரம்: கெர்னல் டைமர் எப்படி இயங்குகிறது?

ஆம்பூரில் கல்யாணப் பிரியாணி வேகும் இடத்தில் ஒரே மாஸ்டர் நாலைந்து அடுப்புகளைக் கட்டி மேய்ப்பார். ஒரு தேக்சாவில் கறி வதங்கிக்கொண்டிருக்கும். அடுத்ததில் சீரகச் சம்பா முக்கால் பதத்தை நெருங்கும். மூன்றாவது ஏற்கெனவே மூடி மேல் தணல் கொட்டித் தம்மில் கிடக்கும். ஓரத்தில் கத்திரிக்காய். மாஸ்டர் ஒரு நேரத்தில் ஓர் அடுப்பருகில்தான் நிற்க முடியும். கறியிலேயே மூழ்கிவிட்டால் அரிசி குழைந்துவிடும். அதனால் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் ஒரு பையனை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் கையில் ஒரு ஸ்லேட்டு. அதில் மாஸ்டர் எழுதிய நேரம் வந்ததும் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. எந்த அடுப்புக்காகக் கத்துகிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

மாஸ்டர்தான் ப்ராசஸர். அடுப்புகள் புரோகிராம்கள். எந்த அடுப்புக்கு எப்போது போவது என்று மாஸ்டரின் தலைக்குள் இருக்கும் கணக்கு கெர்னல். பையன், வன்பொருள் டைமர்.

கெர்னல் எந்நேரமும் மேலிருந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு புரோகிராம் ஓடும்போது அந்த ப்ராசஸரில் கெர்னல் ஓடுவதே இல்லை. புரோகிராம் முடிவில்லாத லூப்பில் சிக்கிக்கொண்டால் ப்ராசஸரை அதனிடமிருந்து பிடுங்க நம்பகமான வழி ஒன்றுதான்: டைமர் கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்குப் பெயர் இன்டரப்ட்.

ஸ்லேட்டுக்காரப் பையனுக்கு நிஜ உருவம் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த 'சக்தி' ப்ராசஸர் 2018இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பைச் சேர்ந்தது. அந்தக் கட்டமைப்பின் டைமருக்கு இரண்டே ரெஜிஸ்டர்கள், அதாவது எண்ணைத் தாங்கும் சிறு அறைகள்; இரண்டும் 64 பிட். எம்டைம் என்பது சுவர்க் கடிகாரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். எம்டைம்கம்ப் என்பது ஸ்லேட்டு. கடிகாரத்தின் எண் ஸ்லேட்டின் எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ கத்தல் தொடங்கும்.

இதைக் கெர்னலில் அமைப்பது பத்து வரிக் காரியம். ஆனால் வரிசை தப்பினால் எல்லாம் கெட்டது. கத்தல் கேட்டால் எங்கே ஓடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்டரப்டைக் கவனிக்கும் ஃபங்ஷனின் முகவரியை எம்டிவெக் ரெஜிஸ்டரில் எழுதுவது அதற்குத்தான். அடுத்து ஸ்லேட்டு. கடிகாரம் விநாடிக்கு 1 கோடி முறை ஏறுகிறது, விநாடிக்கு 100 இன்டரப்ட் வேண்டும் என்றால், இப்போதைய நேரத்தோடு 1,00,000 கூட்டி எழுதலாம். பிறகு எம்ஐஇ ரெஜிஸ்டரில் டைமருக்கான பிட்டைத் திறக்க வேண்டும். கடைசியாகத்தான் எம்ஸ்டேட்டஸில் ஒட்டுமொத்த இன்டரப்ட் கதவு.

முதன்முதலாகக் கெர்னல் எழுதுகிறவர்கள் சிலர் டைமர் பிட்டையும் இந்தக் கடைசிக் கதவையும் முதலிலேயே திறந்துவிடுவார்கள். இயந்திரம் உயிர் பெறும்போது எம்டைம்கம்பில் என்ன எண் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. போன கல்யாணத்தில் எழுதிய நேரம் அழிக்கப்படாமல் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பையன் உடனே கத்துவான். எங்கே ஓடுவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ப்ராசஸர் ஏதோவொரு முகவரிக்குத் தாவி அங்கேயே சாகும். திரையில் ஒரு எழுத்துகூட வராது.

இன்னொன்று: இந்தப் பையன் ஒருமுறை கத்திவிட்டு ஓய்கிறவன் அல்ல. ஸ்லேட்டில் அடுத்த நேரம் எழுதும்வரை கத்திக்கொண்டே இருப்பான். எழுத மறந்தால் கெர்னல் ஒரு அடிகூட நகராமல் அதே ஃபங்ஷனுக்குள் திரும்பத் திரும்ப விழும்.

32 பிட் ப்ராசஸரில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 64 பிட் ஸ்லேட்டை இரண்டு பாதியாகத்தான் எழுத முடியும். ஸ்லேட்டில் 10:58 இருக்கிறது, அதை 11:05 ஆக்க வேண்டும். நிமிடத்தை முதலில் மாற்றினால் கண நேரம் 10:05 என்று ஆகிவிடும். அது எப்போதோ கடந்த நேரம், வீண் கத்தல். ரிஸ்க்-ஃபைவ் ஆவணம் சொல்லும் வழி இது: முதலில் நிமிடத்தை உச்சத்துக்கு ஏற்று, 10:59. பிறகு மணியை மாற்று, 11:59. கடைசியில் நிமிடம், 11:05. இடையில் எந்தக் கட்டத்திலும் கடந்த நேரம் ஸ்லேட்டில் தோன்றாது.

பழைய பிசியில் இருந்தவன் வேறு ரகம். அவன் கடிகாரம் பார்ப்பதில்லை. கைநிறையப் புளியங்கொட்டை கொடுத்தால் ஒவ்வொன்றாகப் போட்டுத் தீர்ந்ததும் கத்துவான், மறுபடி அதே எண்ணிக்கையை எடுத்துக்கொள்வான். 1981இன் ஐபிஎம் பிசியில் இந்த வேலையைச் செய்தது இன்டெல் 8253 சிப். அது விநாடிக்கு 11,93,182 கொட்டை போடும். இந்த விசித்திர எண் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கான 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 12ஆல் வகுத்ததால் வந்தது. விநாடிக்கு 100 வேண்டுமென்றால் 11,932 கொட்டை. சிப்புக்கு எண் அனுப்பும் வாசலுக்குப் போர்ட் என்று பெயர். கெர்னல் 67ஆம் போர்ட்டில் 54 என்று கட்டளை எழுதி, 64ஆம் போர்ட்டில் முதலில் 156, பிறகு 46 அனுப்பும். 46ஐ 256ஆல் பெருக்கி 156ஐக் கூட்டினால் 11,932. வகுத்தல் சரியாக விழாததால், ஒவ்வொரு கத்தலையும் துல்லியமான 10 மில்லிவிநாடி என்று எண்ணும் கெர்னலின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 1.3 விநாடி பின்தங்கும்.

வகுத்தல் சரியாக விழும் இடத்திலும் பின்தங்கல் வரலாம். கத்தல் கேட்டு மாஸ்டர் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். வந்தபின் கடிகாரத்தைப் பார்த்து 'இப்போதிலிருந்து பத்து நிமிடம்' என்று எழுதினால் அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். ஸ்லேட்டில் ஏற்கெனவே இருந்த எண்ணோடுதான் கூட்ட வேண்டும்.

பிரியாணியை விட்டுத் தோலுக்கு வருவோம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் சுண்ணாம்பு டிரம் இரவெல்லாம் ஓயாமல் சுற்றுவதில்லை. மணிக்குச் சில நிமிடம் சுற்றும், மீதி நேரம் நிற்கும். தோல் சுண்ணாம்பு நீரில் ஊறும். இதை ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு சிறு ப்ராசஸர் இருந்தால், அதை விநாடிக்கு 100 முறை எழுப்பி 'நேரமாச்சா?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. கெர்னல் காத்திருக்கும் வேலைகளை நேர வரிசையில் அடுக்கி, முதலாவதை மட்டும் ஸ்லேட்டில் எழுதிவிட்டு உறங்கலாம். அதைவிடச் சீக்கிரமான வேலை இடையில் வந்தால் ஸ்லேட்டைத் திருத்தினால் போதும். லினக்ஸ் இந்த வழிக்கு 2007இல், 2.6.21 பதிப்பில் வந்தது. அதுவரை சும்மா இருக்கும் கணினியும் மாறாத இடைவெளியில் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

இப்படிப்பட்ட கன்ட்ரோல் பெட்டிகள் மாதக்கணக்கில் அணையாமல் ஓடுபவை. மில்லிவிநாடியை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'இப்போது, குறித்த நேரத்தைவிடப் பெரிதா?' என்று வெறுமனே ஒப்பிடும் நிரல் அங்கே தடம் புரளும். விண்டோஸ் 95 இதே நாள் கணக்கில் நின்றுபோனது பிரசித்தம். கழித்துப் பார்த்து, வரும் வித்தியாசத்தின் குறியைச் சோதிப்பதே பாதுகாப்பு. லினக்ஸ் தன் டிக் எண்ணிக்கையை, அதாவது டைமர் கத்தல்களின் கணக்கை, பூஜ்யத்தில் தொடங்குவதே இல்லை. பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் 32 பிட் நிரம்பும்படி வேண்டுமென்றே முன்கூட்டி வைக்கிறது. ஒப்பீட்டில் பிழை இருந்தால், 50ஆம் நாள் நள்ளிரவு வரை ஒளிந்திருக்காமல், எழுதியவர் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அது வெளியே வந்துவிடும்.