பட்டியலின் தலைப்பில் இலச்சினை

எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்திலே, வணிக நிலையத்தின் இலச்சினை நாகத் தகட்டிற் பொறிக்கப்பட்டு, மரக்கட்டையின்மீது அறையப்பட்டு, 'புளொக்' என்னும் பெயரோடு அச்சகத்தின் இழுப்பறையிலே கிடந்தது. ஓர் அங்குல அகலத்துக்குச் செய்த கட்டை ஓர் அங்குலத்துக்கே உதவும். இரண்டு அங்குலம் வேண்டுமெனின் வேறொரு கட்டை செய்வித்தல் வேண்டும். கணினி வந்தபின் கட்டை மறைந்தது. அளவு பற்றிய கட்டுப்பாடு மறையவில்லை. அது கண்ணுக்குப் புலனாகாமற் போயிற்று. இன்றைய தொல்லை அதனால் விளைந்ததே.

சிறு வணிகர் ஒருவர் கணக்கீட்டு மென்பொருள் ஒன்றை வாங்கி, 'இன்வொய்ஸ்' எனப்படும் விற்பனைப் பட்டியலை முதன்முதலாக அச்சிடுகின்றார் எனக் கொள்க. பண்டங்களின் பெயர்களும் தொகைகளும் ஊசிமுனையால் எழுதியவைபோலத் தெளிவாக விழுகின்றன. மேலேயுள்ள இலச்சினையோ நீர்பட்ட மைபோல ஓரங் கலைந்து நிற்கின்றது. திரையில் அது நன்றாகவே இருந்தது. ஆதலின் அவர் அச்சுப்பொறியை ஐயுறுகின்றார், டோனரை மாற்றுகின்றார். பணம் செலவாகின்றது, குறை தீரவில்லை. இதனை அற்ப விடயமென்று தள்ளவும் இயலாது. பட்டியலைப் பெறும் கந்தோரில் இருப்பவர் வணிகரை நேரிற் கண்டவரல்லர். கலைந்த இலச்சினை, எவருடைய தாளிலிருந்தோ படியெடுத்து ஒட்டியதோ என்ற எண்ணத்தைத் தரக்கூடும். பணம் வரவேண்டிய தாளில் அத்தகைய ஐயத்துக்கு இடம்வைத்தல் புத்தியன்று.

ஒரே தாளில் எழுத்துத் தெளிவாகவும் இலச்சினை மங்கலாகவும் இருப்பது எங்ஙனம்? கணினியின் எழுத்துக்கள் புள்ளிகளாகச் சேமிக்கப்படுவதில்லை. அவற்றின் வெளிக்கோடுகள் கணிதமுறையில் விவரிக்கப்பட்டுள்ளன. எந்த அளவிலே கேட்டாலும் அச்சுப்பொறி அவ்வளவுக்கேற்ப அவற்றைப் புதிதாக வரைகின்றது. இலச்சினையோ பெரும்பாலும் 'பிக்செல்' எனப்படும் படப்புள்ளிகளால் ஆன படம். இணையத்தளத்திலிருந்து எடுத்த இலச்சினை 200 புள்ளி அகலமுடையது என்போம். மேசைக் கணினியின் சாதாரணத் திரை அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளி காட்டுவதாதலின், அங்கே அது இரண்டு அங்குலத்தில் அழகாகவே தோன்றும். லேசர் அச்சுப்பொறியோ அங்குலத்துக்கு 600 புள்ளி இடவல்லது. அதே இரண்டு அங்குலத்தை நிரப்ப, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அது நீளத்தில் ஆறும் அகலத்தில் ஆறுமாக 36 புள்ளிகளாக்க வேண்டியுள்ளது. இல்லாத நுணுக்கத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொரு காரணமும் உண்டு. பலர் கவனியாதது அது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே பல சாயல்களைக் காட்டும். வளைந்த ஓரங்களில் சாம்பல்நிறப் புள்ளிகளை இட்டுத் திரை கண்ணை ஏமாற்றுகின்றது. கறுப்பு மை மட்டும் உள்ள லேசர் அச்சுப்பொறிக்குச் சாம்பல்நிறம் என்பதே இல்லை. மை உண்டு அல்லது இல்லை. சாம்பலைக் காட்ட அது நுண்ணிய கரும்புள்ளிகளைத் தூவுகின்றது. திரையிலே ஓரத்தை மென்மையாக்கிய அச்சாயலே தாளிலே தூசியாக உதிர்ந்துவிடுகின்றது.

கோப்பின் வகையும் பார்க்கத்தக்கது. 1992இல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறை நிழற்படங்களுக்காகச் செய்யப்பட்டது. படத்தை எட்டுக்கெட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத விவரங்களைக் கைவிட்டு, கோப்பைச் சிறிதாக்குவது அதன் இயல்பு. முகத்துக்கும் மரத்துக்கும் அது பொருந்தும். கூரிய எழுத்தின் அருகே கறைகளை விட்டுச்செல்லும். 1996இல் வந்த பி.என்.ஜி. முறை எதனையும் கைவிடுவதில்லை. எனினும், கெட்ட ஜேபெக் படத்தைப் பி.என்.ஜி. ஆக மாற்றிவிட்டால் கறை நீங்குமென எண்ணுதல் வீண். கறையும் பத்திரமாகச் சேமிக்கப்படும். கையடக்கத் தொலைபேசியின் வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினாலும் இத்தகைய சுருக்கமே நிகழும். கோப்பாக அனுப்பினால் மூலம் மாறாது.

ஆகவே முதலில் தேட வேண்டியது இலச்சினையை வரைந்தவரிடம் உள்ள மூலத்தையே. எஸ்.வி.ஜி., இ.பி.எஸ். முதலிய கோட்டுருவக் கோப்பாக அது இருப்பின், எழுத்தைப்போலவே எந்த அளவுக்கும் புதிதாக வரையப்படும். பல கணக்கீட்டு மென்பொருள்கள் அவ்வகையை நேரே ஏற்பதில்லை. எனவே அதிலிருந்து வேண்டிய அளவிலே பி.என்.ஜி. எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அங்குல அகலத்துக்கு 600 புள்ளி போதும். கறுப்பு மட்டுமே அச்சிடுவதாயின் சாம்பற் சாயலின்றித் தூய கறுப்பில் 1200 புள்ளி நன்று. சுற்றிலுமுள்ள வெற்றிடத்தை வெட்டிவிடுதல் அவசியம். இலச்சினைக்கென ஒதுக்கிய சிறு சட்டத்தில் பாதியை வெள்ளை விளிம்பு விழுங்கிவிடுமாயின், எஞ்சிய பாதியிலேதான் உருவம் நிற்கும். ஒளிபுகும் பின்னணியைச் சில மென்பொருள்கள் கறுப்பாக்கிவிடுவதும் உண்டாதலின், வெள்ளைப் பின்னணியே பயமற்றது.

இவ்வளவு செய்தும் மங்கலாக வருமாயின், குற்றம் எங்குள்ளது என்பதை அறிய எளிய வழி உண்டு. பட்டியலைப் பி.டி.எப். ஆகச் சேமித்து, திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். அங்கே எழுத்துக் கூராக இருந்து இலச்சினை மட்டும் கலைந்திருப்பின், மென்பொருள் படத்தை ஏற்கும்போதே சுருக்கிவிட்டது, அல்லது கொடுத்த படமே சிறியது. இலச்சினையும் தெளிவாக இருந்து தாளில் மட்டும் கலையுமாயின், அச்சுப்பொறியின் மை சேமிக்கும் அமைப்பை நீக்கிப் பார்த்தல் தகும். டோனர் வாங்கக் கடைக்குப் போவது அதன் பின்னரே.

கடைகளிற் சிறு பற்றுச்சீட்டு அடிக்கும் வெப்ப அச்சுப்பொறிகள் மில்லிமீற்றருக்கு எட்டுப் புள்ளியே இடுவன. அங்குலத்துக்கு அது 203 புள்ளி. இலச்சினையிலுள்ள மெல்லிய கோடுகளை அவற்றுக்காகத் தடிப்பாக்கி, நிறமின்றி வேறொரு வடிவம் வரைந்துகொள்ளல் வேண்டும். காபன் பிரதிக்காக ஊசி அச்சுப்பொறியை இன்னும் வைத்திருப்போர், இலச்சினையை மென்பொருளுக்கு விடாது, தலைப்பை அச்சகத்திலேயே முன்கூட்டி அடித்த தாள்களைப் பயன்படுத்தலாம். அவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் பட்டியலுக்கு மட்டும் இலச்சினை சேர்ந்த வேறொரு படிவத்தை மென்பொருளில் வைத்துக்கொண்டாற் போதும்.