கோவைக் கரும்பும் காயில் கடை நோட்டும்

கொங்கு நாட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் அரிது. போர்வெல்லில் மோட்டார் எரிந்துபோனால் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓட வேண்டும். எரிந்த கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதற்கு முன் கடைக்காரர் ஒரு பழைய நோட்டைப் புரட்டுவார். இன்ன கம்பெனி மோட்டார், இத்தனை எச்.பி., இத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று, கம்பி இன்ன கேஜ், பிட்ச் இவ்வளவு என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். சுற்று குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறி மறுபடியும் எரியும். கூடினால் இழுவை போய்விடும், தண்ணீர் மேலே வராது. பல்லாண்டு கைவேலையில் சேர்ந்த அந்தக் கணக்கு, கடை மூடும்போது பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகிறது. பக்கத்து ஊரிலோ அதே மாதிரி மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு இன்னொருவர் முதலிலிருந்து சுற்று எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நோட்டைப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு இணையத்தில் ஒரு பொது நூலகத்தில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? கொடுத்தவரின் பிழைப்பில் மண் விழும் என்பதுதான் சட்டென்று வரும் பதில். கோவையின் தொழில் வரலாறு அந்தப் பதிலை ஏற்கவில்லை.

இணைய நூலகம் தமிழருக்குப் புதிதல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பிலேயே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளைச் சேர்த்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் விக்கிமூலமும் நாட்டுடைமை நூல்களை எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கின்றன. அறிவைத் தொகுத்துப் பொதுவில் வைக்கும் வேலையில் கொங்கு நாட்டவருக்கு மூத்த பங்கும் உண்டு. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியரான பெ. தூரன் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. இன்று அவற்றை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் இந்த நூலகங்களுக்குள் போய்த் தொழில் தேடினால் ஏமாற்றம்தான். இலக்கியமும் சமயமும் வரலாறும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சாயப்பட்டறை நடத்துவது எப்படி, வார்ப்படத்தில் ஓட்டை விழாமல் தடுப்பது எப்படி என்பதற்கு ஒரு மூலைகூட இல்லை. உலக வங்கி 2012இல் தன் ஆய்வுகளையெல்லாம் திறந்த உரிமத்தில் இலவச நூலகமாக வைத்தது. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களும் இலவசமே. முன்னது அரசுக்குக் கொள்கை வகுப்பவருக்கு, பின்னது பொறியியல் மாணவருக்கு. நடுவில் பட்டறைக்காரரும் விவசாயியும் நிற்கும் இடம் காலியாகக் கிடக்கிறது.

கொடுத்தவர் கெட்டாரா என்பதற்கு நான் அழைக்கும் முதல் சாட்சி கரும்பு. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது இடத் தேர்வுக்குக் காரணம் இருந்தது: வட இந்தியாவில் சரியாகப் பூத்து விதை பிடிக்காத கரும்பு கோவைத் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூக்கும். பார்பரும் டி. எஸ். வெங்கடராமனும் 'வெள்ளை' என்ற தடிக்கரும்பை நாணல் இனக் காட்டுக் கரும்போடு சேர்த்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. பெயரில் உள்ள 'கோ' கோயம்புத்தூர்தான். அதன் பிறகு கோ ரகங்கள் இந்தியா முழுவதும் பரவி, பல வெளிநாடுகளின் கரும்பு வளர்ப்பிலும் பெற்றோராக நின்றன. இன்றும் அந்த நிறுவன வளாகத்தில் தேசியக் கலப்பினத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பல மாநிலங்களின் ஆராய்ச்சி நிலையங்களும் தங்களுக்கு வேண்டிய கலப்பைக் கேட்டுச் செய்துகொண்டு, பஞ்சு போன்ற அந்த விதையைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்று, தங்கள் மண்ணுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கின்றன. உயிருள்ள பொது நூலகம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். இதனால் கோவைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர், இங்கே ஆலைகளுக்கு வெட்டப்படும் கரும்பில் பேர்பெற்ற கோ 86032 ரகத்தின் வம்சாவளியைப் பார்க்கட்டும். அதன் தாய் கோ 62198, தகப்பன் கோசி 671. இந்தக் கோசி 671 கடலூர் நிலையத்தில் தேர்வானது. அதன் தாயோ ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்த கியூ 63. கோவை ஊருக்கெல்லாம் கொடுத்தது, கடலூரும் குயின்ஸ்லாந்தும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தன. வாசலைப் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கரும்பு பிறந்தே இருக்காது.

அது அரசுப் பணம், எதையும் கொடுக்கலாம்; போட்டி போடும் முதலாளிகள் கொடுப்பார்களா என்று கேட்கலாம். கொடுத்திருக்கிறார்கள். 1956இல் கோவை வட்டார நூற்பாலைகள் கூடித் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை, அதாவது சிட்ராவை, அமைத்தன. ஒரே சந்தையில் ஒரே நூலை விற்கும் ஆலைகள் அவை. ஆனாலும் தங்கள் உற்பத்தித் திறன், பஞ்சுக் கழிவு, ஆள் கணக்கு, நூலின் தரம், செலவு ஆகியவற்றை அந்தச் சங்கத்திடம் ஒப்படைத்தன. ஆலையின் பெயரை மறைத்து எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சிட்ரா திருப்பிக் கொடுத்தது. அப்படித் திரண்ட தர அளவுகள்தான் 'சிட்ரா நார்ம்ஸ்' என்று மில் மேலாளர்களின் மேசையில் இருக்கின்றன. தன் ஸ்பின்டில் தினம் எத்தனை கிராம் தருகிறது என்பது ஒவ்வொரு முதலாளிக்கும் தெரியும். அது நல்ல எண்ணா, மட்டமான எண்ணா என்பது அடுத்தவர் எண்ணைப் பார்த்தால் மட்டுமே தெரியும். கணக்கைக் கொடுத்த ஆலை, தான் எங்கே சறுக்குகிறோம் என்று கண்டுகொண்டது. சிட்ராவின் ஒப்பீடு கட்டணம் செலுத்தும் உறுப்பினர் வட்டத்துக்குள் நிற்கிறது, நான் சொல்லும் நூலகம் வட்டமில்லாதது. அந்த வேறுபாட்டை மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தால் நஷ்டம் என்ற அடிப்படைப் பயத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கோவையில் கிடைக்காது.

கொடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். எடுத்துப் பிழைத்த கதையும் உண்டு. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளியில் தொடங்கி மரவள்ளி, மல்பெரி என்று தாவி, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களில் தோட்டங்களை வெள்ளையடித்தது போல ஆக்கியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள். மாவுப் போர்வைக்குள் இருந்த பூச்சி அசையவில்லை. பூச்சி மெக்சிகோ பக்கத்தது என்பதும், அதை உள்ளிருந்து தின்னும் ஏசரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி கரீபியத் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும் ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது என்பதும் அமெரிக்க வேளாண் துறையினர் வெளிப்படையாக எழுதிவைத்த செய்திகள். 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து அந்தக் குளவிகள் இந்தியாவுக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்கு விநியோகித்தது. பூச்சி அடங்கியது. கடலுக்கு அப்பால் யாரோ எழுதி வைத்திராவிட்டால், நாம் முதல் எழுத்திலிருந்து தேடியிருப்போம், தேடி முடிவதற்குள் மரவள்ளித் தோட்டம் மிஞ்சியிருக்காது.

அடுத்த ஆட்சேபம் திருட்டு. பொதுவில் வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்ப் பேடண்ட் வாங்கிவிடுவான் என்கிறார்கள். இதற்கு ஈரோட்டு மஞ்சளை விடப் பொருத்தமான விடை இல்லை. 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம், காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கே பேடண்ட் வாங்கியது. நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோரும் ஒரே நாளில் சட்டவிரோதிகள் ஆனார்கள் என்று கேலி செய்யலாம். ஆனால் பேடண்ட் மறுபரிசீலனையில் பாட்டி சாட்சி செல்லாது. பேடண்ட் அலுவலகம் கேட்டது அச்சிட்ட ஆதாரம். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் முப்பதுக்கும் மேற்பட்ட பழைய நூல், கட்டுரை ஆதாரங்களைத் தேடி எடுத்து முன்வைத்தது. அவற்றில் ஒன்று 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. 1997இல் அந்தப் பேடண்ட் செல்லாமல் போனது. வென்றது மஞ்சளின் பழமை என்பதைவிட, யாரோ எழுதி, தேதியிட்டு, வெளியிட்டு வைத்த ஆதாரம் என்பதே சரி. எழுதாமல் ரகசியமாக வைத்திருந்த ஒரு கைமுறைக்கு இன்னொருவர் பேடண்ட் வாங்கினால் தடுக்க நம்மிடம் ஒரு தாளும் இருக்காது. நாள் குறித்துப் பொதுவில் வைத்ததை யாரும் புதிது என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் பெயரைத்தான் காக்கிறது. மஞ்சளை எப்படி வேக வைப்பது, காய வைப்பது என்பதை வெளியிடுவதற்கு அது தடையே அல்ல.

எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லவில்லை. புதிய கருவியின் வடிவமைப்பு கண்டுபிடித்தவரின் உரிமை. கோவை முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தைக் காப்புரிமையோடு வைத்துக்கொண்டே, பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்காமல் மகளிர் குழுக்களுக்கு விற்றார். அதுவும் நியாயமான வழிதான். திருப்பூரில் வெளிநாட்டு வாங்குநரின் டிசைனும் விலையும் ஒப்பந்தப்படி வெளியே போகக் கூடாதவை. ஆனால் பராமரிப்பு முறை, பழுது காணும் விதம், பாதுகாப்பு, கழிவு நீர் சுத்திகரிப்பு போன்றவற்றில் ரகசியம் வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உப்பு நீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும் செலவில், பல தோல்விகளோடு கற்றுக்கொண்டன. நாளை வேறு ஊரில் ஒரு சாயப்பட்டறை ஆற்றைக் கெடுத்தால், எல்லாச் சாயப்பட்டறைகளுக்கும் சேர்த்தே விதி வரும்; கற்றதை ஒளித்துவைத்த திருப்பூருக்கு அதில் தனிச் சலுகை கிடைக்காது. அந்தத் தோல்விகளின் கணக்குதான் நூலகத்தில் முதலில் இருக்க வேண்டியது. வெற்றிக் கதைகளைப் பரிசு விழாக்களிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வி தரம். ஏற்கெனவே யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் எல்லாம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறதே, நூலகம் எதற்கு என்கிறார்கள். அங்கே வருவது எப்போது சொல்லப்பட்டது, யார் சொன்னது, இன்றும் பொருந்துமா என்று தெரியாது. தென்னைக்கு வேர் மூலம் மோனோகுரோட்டோபாஸ் கட்டச் சொல்லும் பழைய பரிந்துரை இன்னும் கைப்பேசிகளில் சுற்றுகிறது; அந்த மருந்தின் வழக்கமான 36 சதவீதக் கரைசலை மத்திய அரசு 2023இல் தடை செய்துவிட்டது. பொள்ளாச்சியில் 2016 முதல் தென்னையைப் பிடித்த சுருள் வெள்ளை ஈயிலும் இதே சிக்கல். மருந்தடித்தால் ஈயைத் தின்னும் குளவியும் செத்துவிடும் என்று வல்லுநர்கள் சொல்ல, பக்கத்துத் தோப்பில் ஸ்பிரேயர் சத்தம் கேட்கும். ஒருவர் தவறாகச் செய்தால் அடுத்தவர் தோப்பும் கெடும் விஷயத்தில், தேதியும் எழுதியவர் பெயரும் திருத்த வரலாறும் உள்ள ஒரே பக்கம் இருப்பது ஆடம்பரம் ஆகாது. வேளாண்மைப் பல்கலைக்கழக இணையதளம் தமிழிலேயே நிறையச் சொல்கிறது, பாராட்ட வேண்டியது. ஆனால் அரசு நிறுவனப் பக்கங்கள் பலவற்றின் அடியில் 'உரிமை பாதுகாக்கப்பட்டது' என்ற வரி இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துத் திருத்தி அச்சிட்டுக் கிராமத்தில் கொடுக்க நினைப்பவர் தயங்குவார். வரிப் பணத்தில் எழுதியதற்கு அந்த வரி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்தாளலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒரு வரி வேலை.

கடைசியாக, யார் எழுதுவது. பட்டறைக்காரருக்கு நேரம் இல்லை, எழுதும் பழக்கமும் இல்லை என்பது உண்மை. ஆனால் பேச்சில் அவரைவிடத் தெளிவானவர் இல்லை. பேசவிட்டுப் பதிவு செய்து எழுதுவது பாலிடெக்னிக் மாணவரின் இறுதியாண்டுத் திட்டப்பணி ஆகலாம். இப்போது பல கல்லூரிகளில் அந்தப் பணிக்கு முந்தின ஆண்டு அறிக்கையே அட்டை மாறி வருகிறது. எழுதியதைச் சரிபார்க்க அனுபவஸ்தர் ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இலவசம் என்பது படிப்பவருக்கு மட்டும், எழுதுபவருக்கு அல்ல. சீமா, கொடிசியா போன்ற கோவைத் தொழில் சங்கங்கள் ஆண்டுதோறும் கண்காட்சிக்கும் கருத்தரங்குக்கும் செய்யும் செலவில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு ஆவணம் தர வேண்டும் என்று விதி வைத்தாலே போதும், சில ஆண்டுகளில் தமிழில் வேறெங்கும் இல்லாத அலமாரி ஒன்று நிரம்பத் தொடங்கும்.